கழித்துப் பெற்ற எண்

கரி எரிந்து கார்பன் மோனாக்ஸைடு ஆகும்போது வெளிப்படும் வெப்பத்தை நேரடியாக அளப்பது சாத்தியமில்லை. காற்றை எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் டையாக்ஸைடாகிவிடுகிறது. இந்த வினை தனியாக நிகழச் சம்மதிப்பதில்லை. அதனால் ரசாயனம் சுற்றுவழி போகிறது. கரியை முழுக்க எரித்தால் மோலுக்கு 393.5 கிலோஜூல். மோனாக்ஸைடைத் தனியே எரித்தால் 283. கழித்தால் 110.5. யாரும் தனியே கண்டிராத ஒரு நிகழ்ச்சிக்கு எண் கிடைத்துவிடுகிறது.

இதற்கு அனுமதி, 1840இல் ஹெஸ் ரஷ்யாவில் வகுத்த விதி: தொடக்கமும் முடிவும் ஒன்றானால், மாறாத அழுத்தத்தில் எவ்வழி போனாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றே.

இதை மனிதன் மீது போட்டுப் பார்க்கும் ஆசை எளிதில் வருகிறது. ‘முடிவு ஒன்றுதானே, வழி எதுவானால் என்ன’ என்பவர்களுக்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்த மாதிரி. அவர்கள் நிபந்தனையைப் படிப்பதில்லை. முடிவு நிலை அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும். அணுவுக்கு ஞாபகமில்லை, மனிதனுக்கோ வந்த வழியும் முடிவு நிலையின் ஒரு பகுதி. அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட கோபுரத்தடிக்கே வருகிறவனின் உயரமாற்றம் பூஜ்யம். அதை அவன் கால்களிடம் யார் சொல்வது? பௌதிகமே உயரத்தை வழிசாராதது என்றும், உராய்வில் செலவான உழைப்பை வழிசார்ந்தது என்றும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

பேரேட்டில் ‘இருப்பு’ என்ற கட்டமும் இப்படித்தான். நெல் விற்றுப் போட்ட 500 ரூபாயும், தாலியை அடகு வைத்துப் போட்ட 500 ரூபாயும் அதில் ஒன்றே. பேரேடு அதற்கு மேல் எதுவும் தெரிந்ததாகப் பாவனை செய்வதில்லை.

பாவனை செய்கிறவர்கள் நாம். ஒருவன் மனசில் யாரும் வெப்பமானி வைத்துப் பார்த்ததில்லை. சொன்னதிலிருந்து செய்ததைக் கழித்துத்தான் அவனை அறிகிறோம். விமர்சனம் கவிதையிடம் செய்வதும் இதுவே. வேறு வழியில்லை. ஆனால் கழித்தலில் ஓர் அபாயம் உண்டு. 393.5இல் நூற்றுக்கு ஒன்று பிசகினால், மற்ற எண் துல்லியமாகவே இருந்தாலும், 110.5இல் அது நூற்றுக்கு மூன்றரையாகிவிடுகிறது. பெரிய எண்களின் சின்னப் பிழை, அவற்றின் வித்தியாசத்தில் பூதாகரமாகிறது.

மறைமுகமாக அறிவது குற்றமில்லை. அதை நேரில் கண்டதுபோல் பேசுவதுதான் குற்றம். சோதனைச்சாலையில் ஒழுங்காக வேலை செய்கிறவன் விடைக்குப் பக்கத்தில் பிழையளவையும் எழுதுகிறான். ‘இவன் போலி’, ‘இது கவிதையே அல்ல’ என்று தீர்ப்பெழுதும் நாம் அந்த இரண்டாவது எண்ணை எழுதுவதில்லை.