நோய் தோன்றுமுன் எங்கிருந்தது?

விளைவு தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்தினுள் உள்ளதா, இல்லையா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினா. உள்ளதுதான் தோன்றும், இல்லது தோன்றாது என்று சாங்கியமும் சைவ சித்தாந்தமும் கொண்ட கொள்கை சற்காரியவாதம் எனப்படும். எள்ளை ஆட்டினால் எண்ணெய் வருவதும் மணலை ஆட்டினால் வராததும் அதற்குச் சான்று. குடம் மண்ணில் முன்பு இருந்ததன்று, அது புதிதாகவே தொடங்குகிறது என்று மறுத்த நியாய வைசேடிகரின் கொள்கை அசற்காரியவாதம். இவ்வழக்கு பழைய ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. உயிரியலார் 'மரபணு வெளிப்பாடு' என்று ஒரு நிகழ்வுக்குப் பெயர் வைத்தபோதே, உள்ளே இருந்த ஒன்று வெளியே வருகிறது என்னும் தீர்ப்பும் அச்சொல்லோடு சேர்ந்து வந்துவிட்டது. அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்று உரைத்துப் பார்க்க, நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்னும் பூஞ்சை மிகத் தக்க உரைகல்.

அமெரிக்காவின் ஒகையோ, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளில், பறவைகளின் எச்சமும் வௌவால்களின் எச்சமும் படிந்து ஊறிய மண்ணில், இப்பூஞ்சை மெல்லிய இழைகளாகப் படர்ந்து வாழ்கிறது. பழைய கோழிக்கூட்டைப் பெருக்கும்போதோ குகைத் தரையைக் கிளறும்போதோ எழும் தூசியோடு அதன் வித்தணுக்கள் மூச்சில் புகுகின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுடைய அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று சேரும். மண்ணில் ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் இழையாக இருந்தது, உடலின் 37 டிகிரியில் உருண்டையான ஈஸ்ட் அணுவாக மாறி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய விழுங்கணுக்களின் உள்ளேயே குடியிருந்து பெருகத் தொடங்குகிறது. பனாமாவில் பிணஆய்வின்போது இதை முதலில் கண்ட சாமுவேல் டார்லிங் 1906இல் இதை ஓரணு விலங்கு என்றே கருதி, அதற்கு இல்லாத உறையொன்றை இருப்பதாக எண்ணிப் பெயரிலும் சேர்த்துவிட்டார். உடலில் தங்கிய உருவம் ஒன்றையே கண்டவர் மண்ணில் படரும் உருவத்தை ஊகிப்பது எளிதன்று. 1934இல் டிமான்புருன் அதை ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒரே உயிரின் இரு நிலைகள் என்று காட்டினார்.

இரு நிலைகளிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. மாறுவது அதில் எப்பகுதி படிக்கப்படுகிறது என்பது. டி.என்.ஏ.வில் உள்ள ஒரு மரபணு ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு, அப்படியைக் கொண்டு புரதம் ஆக்கப்படுவதையே வெளிப்பாடு என்கின்றனர். வெப்பம் ஏறியதும் ரிப்1 என்னும் கட்டுப்பாட்டுப் புரதமும் அதன் துணைகளும் செயற்பட்டு, ஈஸ்ட் நிலைக்குரிய மரபணுக்களைத் திறந்து இழை நிலைக்குரியவற்றை அடக்குகின்றன. ரிப்1 நீக்கப்பட்ட பூஞ்சை 37 டிகிரியிலும் இழையாகவே வளர்கிறது. எம்எஸ்பி2 என்னும் மற்றொரு மரபணு நீக்கப்பட்டதோ குளிர்ந்த அறையிலும் ஈஸ்டாகவே நிற்கிறது.

இந்த அளவில் சற்காரியவாதம் வென்றதென்றே சொல்ல வேண்டும். சித்தாந்திகள் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், திரிகையைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பிரிப்பர். மரபணுத் தொகுதி இங்கே மண்; உடற்சூடு திரிகை. சற்காரியவாதிகள் காட்டும் பால் தயிராகும் உவமை மட்டும் இங்கே பொருந்தாது. தயிர் மீண்டும் பாலாவதில்லை, ஆனால் நோயாளியிடமிருந்து எடுத்த ஈஸ்டை 25 டிகிரியில் வைத்தால் அது மறுபடி இழை விடுகிறது. ஆமை தன் உறுப்புகளை நீட்டுவதும் உள்ளிழுப்பதுமாகச் சாங்கிய உரையாசிரியர் சொன்ன உவமையே இதற்கு இயைந்தது.

ஆயினும் வெளிப்பட்டது ஈஸ்ட். நோய் அதனின் வேறு. இதற்கு ஒரு தடை எழலாம்: ஈஸ்ட் நிலையில் இப்பூஞ்சை சிபிபி1 என்னும் புரதத்தைச் சுரக்கிறது, அப்புரதம் இல்லாத பூஞ்சை விழுங்கணுவுக்குள் பெருகினாலும் அதை உடைத்துக் கொல்வதில்லை, ஆகவே கேடு மரபணுவிலேயே எழுதப்பட்டுள்ளது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே மரபணு முழுமையாக இருந்தும், அதே தூசியை மூச்சில் இழுத்தவர்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்று நேர்ந்ததையே அறியாமல் வாழ்ந்துவிடுகின்றனர். எய்ட்ஸ் முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடத்திலோ அது உடலெங்கும் பரவிக் கொல்லவும் கூடும். நோய்த்தன்மை கிருமியின் தனிக்குணம் ஆகாது, கிருமியும் உடலும் சந்திக்கும்போது விளையும் சேதமே அது என்று கசதேவால், பிரோஃப்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் 1999இல் வகுத்த கொள்கை இதனால் வலுப்பெறுகிறது. சந்திப்புக்கு முன் இரண்டில் எதிலும் இல்லாத ஒன்று பிறக்கிறது என்றால், இங்கே நியாய வைசேடிகர் பக்கமே உண்மை நிற்கிறது.

அப்படியானால் குயவன் யார் என்னும் வினா எஞ்சுகிறது. துன்பத்தைப் படைத்தவன் இறைவனா என்று கேட்போர், நஞ்சு முன்பே செய்து வைக்கப்பட்ட பொருள் என்று எண்ணியே கேட்கின்றனர். இப்பூஞ்சையோ ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு மூச்சுவழி தொற்றுவதில்லை. மனித நுரையீரல் அதற்கு முன்னே வழியில்லாத முட்டுச்சந்து. மனிதரைக் குறிவைத்து வனையப்பட்டது என்று சொல்ல அதன் வாழ்வில் சான்று காண்பது அரிது. படைப்பைப் பற்றிய வினா இதனால் தீராது. ஆனால் இனி அது பூஞ்சையைச் சுட்டிக் கேட்கப்படாமல், மண்ணும் மூச்சும் கலக்கும்படி அமைந்த ஓர் உலகைச் சுட்டிக் கேட்கப்பட வேண்டும்.

தொற்றிலிருந்து மீண்டவரின் நுரையீரலில் சுண்ணாம்பு படிந்த சிறு முடிச்சுகள் பல ஆண்டுகள் கழித்தும் எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அவை காசநோயின் தழும்புகள் என்றே கொள்ளப்பட்டு, 1945இல் கரோல் பாமர் செவிலியர் பயிற்சி மாணவியரிடையே செய்த தோல் சோதனைக்குப் பின்னரே பலவற்றுக்கு இப்பூஞ்சை காரணமாகலாம் என்பது விளங்கியது. பூஞ்சை தன் பழைய உருவுக்குத் திரும்பும். அந்தப் புள்ளிகள் திரும்புவதில்லை.