பேகன் போர்வையும் வன்னி மாடும்

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். மலைச்சாரலில் நின்ற மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனென்று நிலைத்த புகழ் பெற்றான். மாணவர் வியக்கின்றனர், நாமும் வியந்தவர்களே. ஆயினும் மயில் காட்டுப் பறவை. மழையையும் குளிரையும் தாங்கும் உடலோடு பிறந்தது. பேகனிடம் எதனையும் எதிர்பார்த்து அது நிற்கவில்லை. நம் முற்றத்துக் கட்டையில் கயிற்றால் பிணிக்கப்பட்ட பசுவின் நிலை அத்தகையதா?

இதனை வெறும் இலக்கிய வினாவாக விட்டுவிட முடியாதபடி செய்தது 2022 டிசம்பர். வங்கக்கடலில் எழுந்த மாண்டஸ் புயல் அம்மாதம் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தருகே கரையேறியது. அதனையொட்டிய குளிர்காற்றும் மழையும் இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் வாட்டின. கிளிநொச்சி, முல்லைத்தீவு முதல் கிழக்கு மாகாணம் வரை ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. தொற்றுநோயோ என முதலில் அஞ்சினர். குளிரின் தாக்கமே காரணமெனப் பின்னர் கூறப்பட்டது. இயற்கையின் சீற்றம் என்று சொல்லிப் பலரும் அமைதி கொண்டனர்.

இயற்கை! எத்துணை வசதியான சொல்! பனி படரும் நாடுகளில் மாடுகள் மாதக்கணக்கான குளிர்காலத்தைக் கடந்து வாழ்கின்றன. நமது குளிரை அந்நாட்டார் குளிரென்றே ஒப்புக்கொள்ளார். அவ்வாறாயின் நம் மாடுகள் ஏன் சாய்ந்தன? உலர்ந்த மயிர் காற்றைத் தன்னுள் அடக்கி உடற்சூட்டைக் காக்கும். மழையில் நனைந்து, அதன்மேல் காற்றும் வீசினால் அக்காப்பு அழியும். அப்போது துணை நிற்பது வயிறு. புல்லும் வைக்கோலும் அங்கே நொதிக்கும்பொழுது எழும் வெப்பமே மாட்டின் அடுப்பு எனலாம். தீனியற்ற மாட்டுக்கு அவ்வடுப்பு எரியாது. மெலிந்த மாட்டுக்குத் தோலடியில் கொழுப்புமில்லை. கன்றுக்கும் கிழட்டுப் பசுவுக்கும் தாங்கும் வலு இன்னும் குறைவு. வயிற்றில் கன்று சுமக்கும் நாகுவோ இரண்டு உயிருக்கு உண்ண வேண்டியது. ஆகவே புயல் வந்த இரவுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே, பட்டினியாலும் கூரையின்மையாலும் அச்சாவு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது.

வன்னியின் வேளாண்மையை அறிந்தோர்க்கு இதன் அடுத்த படி தெரியும். காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாடுகள் வயல்வெளியிலிருந்து வெளியேற்றப்படுகின்றன. நெல்லைக் காக்க அது வேண்டியதே, குறை சொல்வாரில்லை. ஆனால் வெளியேறிய மாடு எங்கே போவது? பழைய மேய்ச்சல் தரைகளிற் பல பயிர்நிலமாயின. சில ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லைக்குள் அடைபட்டன. சில படையினர் கைக்குப் போயின. எஞ்சிய துண்டு நிலங்களிலும் காட்டோரங்களிலும் முட்கம்பு வளைத்த பட்டிகளில், முழங்காற் சேற்றில், மாரி முழுவதும் அவை நிற்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியிலோ தவிடும் புண்ணாக்கும் ஏழை வளர்ப்பவனின் கைக்கு எட்டாத பண்டங்களாகிவிட்டன. குளிர் எல்லாப் பட்டியிலும் வீசியது. கூரையும் தீனியும் வாய்த்த மாடு பிழைத்தது.

நமது மரபு சீவகாருண்யத்தைக் கொடையாகவே பெரிதும் போற்றியது. மிகுதியுடையவன் இரங்கி அளிப்பது கொடை. அளிக்காவிடினும் அவன்மீது வழக்கில்லை. வளர்ப்புயிரின் நிலை வேறு. தன் இரையைத் தானே தேடும் உரிமையையும், மழைக்கு ஒதுங்கும் இடத்தைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமையையும் அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். பாலும் எருவும் உழைப்பும் பெற்றோம். எடுத்துக்கொண்டவன் திருப்பித் தர வேண்டியது கடன்.

பிள்ளைக்கே பாலில்லாத வீட்டில் மாட்டுக்குக் கூரையா, நாய்க்கு ஊசியா என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வியே. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்ட மக்கள் மாட்டையும் நாயையும் விட்டுச் சென்றனர். பின்னர் செட்டிகுளத்து மெனிக்பாம் முட்கம்பிக்குள் அடைபட்டவர்கள், தம் பட்டி என்னவாயிற்றென்று போய்ப் பார்க்கவும் முடியாதவர்கள். புறப்படும்போது கயிற்றை அவிழ்த்துவிடுவதொன்றே அவர்களாற் செய்யக்கூடியதாயிருந்தது. அதனைச் செய்தவர் கடன் தவறியவர் அல்லர். இயலாதவனிடம் கடன் கேட்பது அறமன்று. அவனை இயலாதவனாக்கியது எது என்று கேட்பதே அறம். மேய்ச்சல் தரை இல்லாத இடையனையும் அவ்வாறே நாம் நோக்க வேண்டும்.

ஆனால் இயன்றவரும் தப்பிக்கொள்கின்றனரே! பெட்டைக்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையிலும் பள்ளி வாசலிலும் மழைநாளில் விட்டுப் போவோர் எல்லாரும் வறியவரா? காவலுக்குக் கடுவன் வேண்டும், பெட்டை வேண்டாம். பெண்ணை இழிவாகக் கருதும் நோய் நாய்க்குட்டி வரை இறங்கி நிற்பதைப் பாருங்கள்! அக்குட்டிகளே வளர்ந்து, ஊசி காணாத தெருநாய்களாகின்றன. இந்நாட்டில் 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி பரவிய பின்னர் ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு அது குறைந்தது. நோய்க்குறி தோன்றியபின் ஏறக்குறையப் பிழைப்பே இல்லாத நோய் இது; எனினும் ஆண்டுதோறும் ஊசி போட்ட நாய் அதனைக் கொண்டுவருவது மிக அரிது. நூற்றில் எழுபது நாய்க்கு ஊசி போட்டால் ஓர் ஊரில் அந்நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குட்டிப்பருவத்து ஊசியைப் போட்டதோடு கடமை முடிந்ததென்று மறந்துவிடும் படித்த வீடுகளை நாம் அறிவோம். கிழடானதும் சோற்றைக் குறைக்கும் வீடுகளும் உண்டு.

மாட்டுக்கு வேண்டியவற்றுள் மேய்ச்சல் தரையைத் தனியொருவனாற் பெற முடியாது. ஊர் கூடி, பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் எல்லையிட்டுக் கேட்டே பெற வேண்டும். வாடைக்காற்றைத் தடுக்க வடகிழக்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்புக் கட்டவும், நிலத்தை மேடாக்கவும் எந்தச் செயலகத்தின் கையெழுத்தும் தேவையில்லை. தீனியோ நம் கண்முன்னே கிடக்கிறது. சிறுபோக அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைக்கின்றனர். ஆவணியில் அந்தப் புகை பள்ளிக்கூடம் வரை வருகிறது. மழை தொடங்க அப்போது இரண்டு மாதம் இருக்கும்.