படிக்காசும் வாசியும்

திருச்சிற்றம்பலம்.



கலும்பாங், கெர்லிங், தஞ்சோங் மாலிம் பக்கம் நம் பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், முன்பு போல ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. தாத்தா காலத்தில் “தோட்ட வேலை” என்றால் பேச்சு முடிந்தது. இன்றைக்கு ஒருத்தர் மோட்டாரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறார். இன்னொருத்தர் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறார். ஒரு தங்கை வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஒரு தம்பி ஏர்கோன் கழுவப் போகிறான். “எனக்கு முதலாளி கிடையாது, நானே ராஜா” என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாலு நாள் மழை பிடித்தால், விலைவாசி ஏறி சனங்கள் கையைச் சுருக்கினால், அந்த ராஜாவின் கஜானா காலி. மாசச் சம்பளம் இல்லாத பிழைப்பு இது. அன்றன்றைக்கு வருகிற நாட்காசு.

நாட்காசில் பஞ்சத்தைக் கடந்த வரலாறு ஒன்று நம் சமயத்திலேயே இருக்கிறது. பெரியபுராணம் அதைச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பெருமானும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடினார்கள். இறைவன் கனவில் வந்து, “இந்தப் பஞ்சம் தீரும்வரை நாளுக்கு ஒரு காசு தருகிறோம்” என்று அருளினார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு காசு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒரு காசு. அதுதான் படிக்காசு. அதைக் கொண்டு இரண்டு மடத்திலும் அடியார்களுக்கு அமுது படைத்தார்கள்.

கொஞ்ச நாளில் சம்பந்தர் ஒன்றைக் கவனித்தார். அப்பர் மடத்தில் சோறு நேரத்தோடு ஆகிறது. நம் மடத்தில் மட்டும் தாமதம். “ஏன் இப்படி?” என்று சமைப்பவர்களைக் கேட்டார். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள்: “சாமி, நம்ம காசைக் கடையில் கொடுத்தால் வாசி கேட்கிறார்கள். அப்பர் காசுக்கு வாசி இல்லை.” வாசி என்றால் கழிவு. காசு முழு மதிப்புக்குச் செல்லாமல், அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் கடைக்காரர் பொருள் கொடுப்பார். சம்பந்தர் இறைவனிடமே போய், வாசி தீர்த்துத் தரும்படி பதிகம் பாடி வேண்டினார். மறுநாள் நல்ல காசு வந்தது. சோறும் நேரத்தோடு ஆனது.

தம்பிகளே, இந்த வரலாற்றைப் பக்திக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இதில் நம் பிழைப்புக்கான பாடம் மூன்று இருக்கிறது.

முதல் பாடம்: உன் காசில் எவ்வளவு வாசி என்று கேள். சிவபெருமான் கொடுத்த காசிலேயே கழிவு இருந்ததென்றால், கைப்பேசியில் தெரிகிற கணக்கில் இருக்காதா? ஒரு நாள் 90 ரிங்கிட் வந்தது என்று வைத்துக்கொள். பெட்ரோல் 15. டயர், எண்ணெய் மாற்றம், பிரேக் என்று நாளுக்கு 8 ஒதுக்கு. டேட்டாவுக்கு 2. மீதி 65. அந்த 65தான் உன் வருமானம். 90ஐ வருமானமென்று நினைத்துச் செலவு செய்கிறவன், மோட்டார் பழுதானால் வட்டி முதலையிடம்தான் போய் நிற்பான். கேக் செய்கிற தங்கைக்கும் இதே கணக்குத்தான். மாவு, முட்டை, வெண்ணெய் மட்டுமல்ல, கேஸும் மின்சாரமும் உன் நேரமும் விலையில் ஏற வேண்டும்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். சம்பந்தர் சமையல்காரர்களைக் கேட்டார், பிறகு கொடுத்தவரையே கேட்டார். கிக் தொழிலாளர் சட்ட மசோதா 2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி நம் மக்களவையில் நிறைவேறியதும் இப்படிக் கேட்டவர்களால்தான். எழுத்தில் ஒப்பந்தம், முறையிடுவதற்குத் தீர்ப்பாயம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. உன் ஒப்பந்தத்தில் என்ன பிடிக்கிறார்கள், எதற்குப் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறையாவது வாசித்துப் பார்.

இரண்டாம் பாடம்: கைத்தொண்டு. அப்பர் காசுக்கு ஏன் வாசி இல்லை? அவர் உழவாரப் படையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிக் கையால் தொண்டு செய்தவர். அதனால்தான் அவருக்கு வாசியில்லாக் காசு என்று சம்பந்தரே உணர்ந்தார். கை உழைப்புக்கும் கைத்திறனுக்கும் சந்தையில் மதிப்புக் குறையாது. மோட்டார் ஓட்ட யாராலும் முடியும். ஆகவே ஆள் கூடக் கூடக் கூலி இறங்கும். ஏர்கோன், ஒயரிங், வெல்டிங், தையல் எல்லாம் அப்படியில்லை. ஏற்கெனவே சில ஆண்டுகள் ஒரு கைத்தொழில் செய்து பழகியவர்கள், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பிபிடி முறை என்பார்கள். விசாரியுங்கள். ஓட்டம் இல்லாத மழை நாள் படிப்பதற்கான நாள்.

மூன்றாம் பாடம்: “பஞ்சம் தீரும்வரை.” படிக்காசு என்றென்றைக்கும் வரவில்லை. மழை பெய்ததும் அது நின்றது. எந்த வரவுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. “அவர்கள் சேர்த்து வைக்கவில்லையே சாமி” என்று கேட்பீர்கள். வந்த காசு அன்றைக்கே அடியார் பசிக்குப் போனது. நீங்களோ இல்லறத்தார், அல்லது நாளைக்கு ஆகப்போகிறவர்கள். இல்லறத்தானின் பொருளில் முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐந்து பேருக்கும் பங்கு உண்டு என்கிறார் வள்ளுவர். உரை எழுதிய பரிமேலழகர், அரசனுக்குரிய வரியையும் சேர்த்து ஆறு பங்காகக் கணக்குச் சொல்கிறார். வரியை மறக்காதே. “தான்” என்கிற பங்கையும் மறக்காதே. வயதான பிறகு இருக்கப்போகிற நீயும் அந்தத் “தான்”தான்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பார்த்தோமே. ஊழியர் சேமநிதியில் பணம் இருந்தவர்கள் எடுத்துச் சமாளித்தார்கள். பின்னால் அந்தக் கணக்கு வற்றியது வேறு கவலை. சந்தாவே கட்டாத சுயதொழில் பிள்ளைகளுக்கு எடுக்கவும் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அவர்களுக்கென்றே சேமநிதி வாரியத்தில் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. நீ தானாகக் கட்டுகிற பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தரும் என்று 2025-க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட். ஆண்டுக்கு 2,500 கட்டினால் அந்த 500 முழுதாக வரும். நாளுக்குச் சுமார் 7 ரிங்கிட்தான்.

அதோடு சொக்சோ. சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. ரோட்டில் பிழைக்கிற பிள்ளை அதில் பதியாமல் வண்டி எடுக்கக்கூடாது. பையன் விபத்தில் படுத்த பிறகு வாட்சப்பில் வங்கிக் கணக்கு எண் போட்டு, அம்மா ஊர் சனத்திடம் உதவி கேட்கிற நிலைமையை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

“கொஞ்சக் காசில் என்னத்தைச் சேர்க்கிறது?” என்று சலிக்காதீர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், வீடும் வேலையும் போய் நம் சனங்கள் நடுரோட்டில் நின்றார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் வெட்டிய கைகள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆயின. அந்தப் பத்து வெள்ளி அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். கடந்த ஆறு மாத வரவை எழுதிப் பாருங்கள். வாசி கழித்து, அதில் எது மிகக் குறைந்த மாதமோ அதையே உங்கள் சம்பளமாக வைத்துக் குடும்பம் நடத்துங்கள். தீபாவளி, கல்யாண சீசனில் கூடுதலாக வருவது மழை மாதத்துக்குப் போகட்டும். முதலில் ஒரு மாதச் செலவு, பிறகு மூன்று மாதச் செலவு தனிக் கணக்கில் இருக்கட்டும். கைப்பேசியைத் தவணையில் மாற்றுவது அதற்குப் பிறகு.

கடைசியாக ஒன்று. கோயில் திருவிழா வருகிறது, காவடிக்கும் உபயத்துக்கும் கடன் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அடியார் பசியாற வேண்டும் என்று தானே வந்து காசு கொடுத்த சாமி நம் சாமி. உன்னைக் கடன்காரனாக்கி வாங்குகிற உபயம் அவனுக்கு எதற்கு? நேரமிருந்தால் கோயிலுக்கு வந்து கூட்டிப் பெருக்கு, புல் செதுக்கு. அப்பர் செய்த தொண்டு அதுதான். வாசியில்லாத காணிக்கையும் அதுதான்.

திருச்சிற்றம்பலம்.