பிறர்க்காகப் பேசுதல்

ஒரு சமூகத்தின் துயர் துடைக்கப் புறப்படும் சங்கத்திற்கு இரண்டு கடமைகள் உண்டென்பர். துன்புறுவோனைத் தாங்குதல் ஒன்று; அவன் பொருட்டு வாதாடுதல் மற்றொன்று. முன்னதை உலகம் மகிழ்ச்சியோடு ஏற்கிறது. அரிசி மூட்டை வழங்கினால் வேண்டாமென்பார் இல்லை; தோட்ட நிர்வாகியும் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார். பின்னதைத் தொடங்கியவுடனேயே வினா எழுகிறது: "இவர்களுக்காகப் பேச உமக்கு உரிமை அளித்தவர் யார்?" இதனை முதலாளி கேட்கிறார், அதிகாரி கேட்கிறார், சில வேளைகளில் யாருக்காகப் பேசுகிறோமோ அவரே கேட்கிறார். முதலிருவர் கேட்பதன் நோக்கம் விளங்கக் கூடியதே. மூன்றாமவருக்கு மட்டும் நாம் விடையிறுத்தாக வேண்டும்.

பேராக் தமிழர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. ஈப்போவிற்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களிற் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அம்மரங்களை வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் வரலாறு முழுவதும், அவர்கள் சார்பில் பிறர் பேசிய வரலாறாகவே இருந்திருக்கிறது. முதலில் கங்காணி பேசினான். அவன் யாருடைய ஆள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர்க் கோலாலம்பூரில் அமர்ந்திருந்த இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு பேசினார். 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் தொழிலாளர் நிலையைக் காண இந்தியாவிலிருந்து வந்தார். 1937-இல் அவரது அறிக்கை வெளியாயிற்று. தொழிலாளர் நிலை பொதுவில் குறைகூறத் தக்கதன்று என்பது அவர் கருத்து. மத்திய சங்கத்தார் அதனை வன்மையாக மறுத்தனர். இரு தரப்பாரும் வாதிட்டது ஆங்கிலத்தில். யாரைப் பற்றி அவ்வளவு வாதமும் நடந்ததோ, அந்தப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு தரப்பின் ஏட்டையும் படிக்கத் தெரியாது.

ஆதலால் அவனே பேசட்டும், இடையில் நிற்போர் எதற்கு என்பார் சிலர். கேட்பதற்கு இது சுயமரியாதை மிக்க வாதமாகத் தோன்றும். ஆனால் பேசுகிறவன் எங்கே நின்று பேசுகிறான் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வருவன. காலையில் பெரட்டில் நின்று வாய் திறந்தவன், மாலையில் லயத்து வீட்டையும் இழக்கக் கூடும். அவன் மனைவியின் வேலையும் உடன் போகும். நகரத்துக் குமாஸ்தாவுக்கோ ஆசிரியருக்கோ வழக்கறிஞருக்கோ இவ்வளவு இழப்பில்லை. அவர்கள் முன்வந்து பேச வேண்டியது, தொழிலாளி அறியாதவன் என்பதாலன்று; அவன் தலைமேலுள்ள கூரை மாற்றானுடையது என்பதால். பிறர்க்காகப் பேசுவதற்கு நாம் காணும் நியாயம் இதுவே. அறிவில் உயர்ந்தோம், ஆகவே பேசுகிறோம் என்று எந்தச் சங்கமாவது கருதுமாயின், அது கங்காணியின் வழியில்தான் செல்கிறது.

உண்மையில், அறிவு தொழிலாளியிடமே இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை நினைவு கூர்வோம். கூலி உயர்வுக் கோரிக்கையோடு வேறு சிலவும் இருந்தன. சைக்கிளில் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பது இன்னொன்று. கூலிக் கணக்கை எந்தப் படித்தவரும் போட்டு விடலாம். சைக்கிளிலிருந்து இறங்கும் அந்தக் கணத்தில் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை இறங்கியவனே அறிவான். அன்று தொழிலாளரோடு நின்ற ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தவர். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவிலும் இருந்தவர். 1941 மே மாதத்தில் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினர். கிளர்ச்சியை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அரிசி வழங்கியதற்காக நாடு கடத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இதனால் அரிசி வழங்குவதை நாம் இகழ்கிறோமென்று கொள்ள வேண்டா. கணவனை இழந்தவளுக்கு இன்றிரவு உலையில் போட ஏதேனும் வேண்டும். சட்டம் திருந்தும்வரை அவள் பிள்ளைகள் பசித்திருக்க முடியாது. ஆயினும் ஈகையில் ஒரு குறை உண்டு. பெறுகிறவனால் கொடுக்கிறவனை நீக்க முடியாது. கொடுத்தது புழுத்த அரிசியாயினும் கும்பிட்டுத்தான் வாங்க வேண்டும். நாம் தேடிய விடையின் நுனி இங்கே தட்டுப்படுகிறது. ஒருவர்க்காகப் பேசும் உரிமை, "நீர் இனிப் பேச வேண்டா" என்று சொல்லும் வலிமை அவரிடம் இருக்கும்போதுதான் பிறக்கிறது.

அவ்வலிமையைக் காசில்லாதவனுக்கு எவ்வாறு உண்டாக்குவது? 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்றார். தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் கேட்டார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாட்கூலி சில வெள்ளிகளே பெற்றவனிடம் பத்து வெள்ளி கேட்பது கொடுமையன்றோ என அன்று எண்ணியோர் இருந்திருப்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பத்து வெள்ளி கொடுத்தவன் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். இலவசமாகப் பெற்றவன் கேட்க முடியாது. மரம் சங்கத்துடையதான பின்னும் பால் வெட்டியவன் கூலிக்காரனாகவே இருந்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை. பங்குதாரனாகிய அவனுக்கும் தொழிலாளியாகிய அவனுக்கும் இடையில் வழக்கு வந்தால் எவன் வெல்வான் என்பது கூட்டுறவாளர் இன்னும் விடை காணாத கேள்வி.

கடல் கடந்தும் இதே வழியைக் கண்டவர் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் உழைத்த மெக்சிக்கோ மரபினர்க்காக 1962-இல் சீசர் சாவேசும் டோலோரஸ் ஹுவெர்த்தாவும் ஒரு சங்கம் கண்டனர். மிக வறியவரான அவ்வுறுப்பினரிடம் மாதம் மூன்றரை டாலர் சந்தா பெற்றனர். 1965-இல் அங்கு வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர் பிலிப்பினோத் தொழிலாளர். சில நாள்களில் மெக்சிக்கர் உடன் சேர்ந்தனர். வேறு இனத்தார் என்று ஒதுங்கியிருந்தால் இரு சாராரும் தோற்றிருப்பர்.

மீண்டும் சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். தோட்டம் விற்கப்பட்டு வெளியேறும்படி கடிதம் பெற்றோரிடையே 'அலைகள்' என்ற சமூக அமைப்பு அங்கே பணியாற்றியது. மாலை வேளையில் வீட்டுவாசலில் கூடி, இழப்பீட்டுச் சட்டம் என்ன சொல்கிறதென்பதை மக்களுக்கே எடுத்துரைப்பது இத்தகைய அமைப்புகளின் வேலை. அதனோடு தொடர்புடையவர் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ். ஈப்போ பொது மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவராக இருந்தவர். 1974 முதல் அத்தொகுதியை வைத்திருந்த டத்தோஸ்ரீ ச. சாமிவேலுவை அவர் 2008-இல் தோற்கடித்தார்; 2013-இலும் வென்றார்; 2018-இல் தோற்றார். தொண்டர் தேர்தலில் நின்றதே தவறு, சமூகப் பணி அரசியலால் கறைபடும் என்பார் உளர். நாம் அக்கருத்தினரல்லர். இருவரையும் மக்கள் அனுப்பினர். இருவரையும் மக்களே நீக்கினர். தொண்டரும் தலைவரும் அத்தராசில் ஒருமுறையேனும் ஏறுவது நன்று. வெளிநாட்டு நன்கொடையில் நடந்து, ஆண்டறிக்கையில் ஏழையின் படத்தை அச்சிட்டு, அவ்வேழையிடம் ஒருநாளும் கணக்குக் காட்டாத சங்கங்களை விட இது மேல்.

ஆனால் நாம் கண்ட விடைக்கு எட்டாத ஒருவன் இருக்கிறான். நம்மவர் விட்டு வந்த தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். அவர்களுக்கு வாக்கில்லை, பேசுவோனை நீக்கும் வலிமையும் இல்லை. அவர்களுடைய கடவுச்சீட்டை முதலாளி தம்மிடம் வைத்துக்கொள்வது சட்டத்திற்கு மாறானது. எனினும் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. வெளியேற்றப்படுவோமென்ற அச்சத்தில் வாய் மூடியிருக்கும் அவர்கள் நிலை, நம் பாட்டனார் லயத்தில் வாழ்ந்த நிலையேதான். நம் சங்கங்களோ, "நம்மவர்க்கே நேரம் போதவில்லை" என்கின்றன. கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று அவர்களை ஏசுவோரும் நம்மிடையே உண்டு. கலிபோர்னியாவிலும் இது நேர்ந்தது: வேலைநிறுத்தத்தை முறிப்பதற்குப் பயன்படுத்தப்படுகிறார்கள் என்று சொல்லி, ஆவணமின்றி எல்லை தாண்டி வந்த தொழிலாளரை 1970-களில் அந்தச் சங்கமே குடிநுழைவு அதிகாரிகளிடம் காட்டிக் கொடுத்தது. பலரும் அவர்களுடைய மொழியையே பேசியவர்கள்.

முன்னாளில் துரைமார் தமிழ் கற்றனர்; ஏவுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கற்றனர். இந்நாளில் நம்மவரான மேற்பார்வையாளர் சிலர் வங்காளமும் நேப்பாளியும் சில சொற்கள் கற்றிருக்கின்றனர். அவை என்னென்ன சொற்கள் என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.