விதியின் மீது பழி போடலாமா?

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கும். நோய் வர வேண்டுமென்றிருந்தால் வந்தே தீரும். வரக்கூடாதென்றிருந்தால் எவராலும் அதைக் கொண்டுவர முடியாது. பிறகு எதற்கு முகக்கவசம்? அல்லாஹ்வின் இல்லத்தில் எதற்கு ஆறடி இடைவெளி?”

2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது நம் இல்லங்களில் இக்கேள்வி ஒலிக்காத நாளில்லை. கேட்டவர்கள் மார்க்கத்தை அலட்சியம் செய்தவர்களல்லர். பெரும்பாலோர் ஐவேளைத் தொழுகையை விடாதவர்கள்; பள்ளிவாசலின் கதவு மூடியிருக்கக் கண்டு கண்ணீர் விட்டவர்கள். ஆகவே அக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்கிவிடலாகாது.

அந்த நெருக்கடிக் காலம் கழிந்துவிட்டது. உலகளாவிய அவசர நிலை முடிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்துவிட்டது. ஆனால் கேள்வி கழியவில்லை. நாளை வேறொரு நோய் வரும்போது அது மீண்டும் எழும். அச்சமும் ஆத்திரமும் அடங்கியிருக்கும் இப்போதே அதை ஆராய்ந்து தெளிவது நமக்கு நல்லது.

நிறம் பிரித்த நாட்கள்

2020 மே முதல் வாரத்தில் நம் நாட்டு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். தமிழகத்தின் 37 மாவட்டங்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. கிருஷ்ணகிரி ஒன்றே பச்சை. அபாயம் மிகுந்த இடத்தில் தடை மிகுதி, குறைந்த இடத்தில் தடை குறைவு என்பதே இதன் அடிப்படை. “உங்கள் ஊர் என்ன நிறம்?” என்பதே அந்நாளில் தொலைபேசியில் நாம் கேட்ட முதல் கேள்வியாயிருந்தது.

செப்டம்பர் முதல் நாள் தமிழகத்தில் பள்ளிவாசல்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஆறடி இடைவெளி, அவரவர் முஸல்லா, வாசலில் உடல் வெப்பச் சோதனை, நோய்க்குறி உள்ளவர்களுக்கு அனுமதியில்லை, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருப்பது நலம் என்று விதிமுறைகள் வகுத்திருந்தார்கள்.

இனி நான் எழுதப்போவது என் சொந்த அனுபவம். இதை எழுத நெடுநாள் தயங்கினேன்.

பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் இரவு முழுவதும் எனக்குத் தொண்டை கரகரத்தது. லேசான இருமலும் இருந்தது. சுப்ஹுக்குப் புறப்பட்டபோது என் மனைவி, “இன்னிக்கு வீட்டிலேயே தொழுதுக்குங்களேன்” என்றாள். “அஞ்சு மாசமா வீட்டிலதானே தொழுதேன்?” என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசலில் மோதினார் என் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தார். காய்ச்சல் இல்லை. உள்ளே போனேன். குறித்திருந்த இடத்தில் என் முஸல்லாவை விரித்துத்தான் தொழுதேன்.

தொழுகை முடிந்ததும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார். எழுபதைக் கடந்தவர், நான் பெரியத்தா என்றே அவரை அழைப்பேன். பல மாதம் கழித்துச் சந்தித்த மகிழ்ச்சியில் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு உள்தாழ்வாரத்தில் கால்மணி நேரம் பேசியிருந்தோம். இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சோதனையில் கொரோனா என்றார்கள். அடுத்த வாரம் பெரியத்தாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. தனிமையில் வைக்கப்பட்டிருந்த நான் அவருடைய ஜனாஸாவிலும் கலந்துகொள்ள இயலவில்லை.

நோய் அவருக்கு என்னிடமிருந்துதான் வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். வாசலில் இருந்த கருவிக்கு என் தொண்டையின் நிலை தெரியாது. மோதினாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே அதை அறிந்திருந்தவன் நான் ஒருவனே.

ஸர்க் என்னும் இடத்தில் எழுந்த கேள்வி

இனி நம் முன்னோரின் காலத்துக்குச் செல்வோம். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் வாட்டியது. அந்த நோய்க்காலத்தில் ஷாமை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களை ஸர்க் என்ற இடத்தில் படைத்தளபதிகள் சந்தித்து நோய்ச் செய்தியைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் அடுத்தடுத்து அழைத்து ஆலோசித்தார்கள். கருத்து இரண்டுபட்டது. பின்னர் குறைஷிப் பெரியவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொல்லவே, மதீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். நம் வீடுகளில் ஒலித்த அதே கேள்வி! கேட்டவரோ சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர்.

ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே ஓடுகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, ஓர் உவமையும் கூறினார்கள். ஒட்டகங்களோடு ஒருவன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறான். அதன் ஒரு புறம் பசுமை, மறுபுறம் வறட்சி. எந்தப் புறத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதான். ஆயினும் பசும்புல் இருக்க வறண்ட புறத்துக்கு ஒட்டகங்களை ஓட்டிச் சென்றவனை நல்ல மேய்ப்பன் என்று யார் சொல்வார்?

அதன் பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் தப்பியோட வெளியேறாதீர்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் ஷாமிலேயே தம் மக்களோடு தங்கி, அந்நோயிலேயே உயிர்நீத்தார்கள். வெளியே இருந்தவருக்கு நுழையாமை கடமை. உள்ளே இருந்தவருக்கு வெளியேறாமை கடமை. நிலைமை வேறானதால் கடமையும் வேறானது.

தொற்று என்பதே இல்லை என்ற நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதை அறிவிக்கும் அபூ ஹுரைரா (ரலி) அவர்களே, நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்கக்கூடாது என்பதையும் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தன் சொந்த சக்தியால் தாவுகிறது என்ற அறியாமைக் கால நம்பிக்கைதான் மறுக்கப்படுகிறது. முன்னெச்சரிக்கை மறுக்கப்படவில்லை என்று இமாம்கள் பலர் இரண்டையும் இணைத்து விளக்கியுள்ளனர்.

மார்க்கம் காட்டும் படித்தரங்கள்

அபாயத்துக்கேற்பச் சட்டம் கூடுவதும் குறைவதும் நமக்குப் புதிதா? நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழுகிறார். நீர் தீங்கு செய்யும் நோயாளிக்குத் தயம்மும் உண்டு. கடும் மழையில் வீட்டிலேயே தொழுமாறு பாங்கோடு அறிவிக்கச் செய்த முன்மாதிரி உண்டு. வெங்காயமும் பூண்டும் தின்ற வாடையோடு பள்ளிக்கு வராதீர்கள் என்று தடுத்த மார்க்கம் இது. வாடைக்கே இவ்வளவு என்றால் நோய்க்கு எவ்வளவு?

ஸூரத்துன் நிஸாவின் 102-ஆம் வசனத்தை ஊன்றிப் பாருங்கள். போர்க்களத்தில் தொழும் முறையை அது கற்பிக்கிறது. ஒரு பிரிவு தொழ, இன்னொரு பிரிவு காவல் நிற்க வேண்டும். மழையாலோ நோயாலோ தொல்லையுற்றால் ஆயுதத்தைக் கீழே வைக்க அனுமதி உண்டு. ஆனால் அந்த நிலையிலும் எச்சரிக்கையாக இருக்கும்படி கட்டளை தொடர்கிறது. ஆயுதத்துக்கு விலக்களித்த இறைவன் எச்சரிக்கைக்கு விலக்களிக்கவில்லை! அடுத்த வசனமோ, அச்சம் நீங்கி அமைதியடைந்ததும் தொழுகையை முறைப்படி நிலைநாட்டச் சொல்கிறது.

ஆகவே தடைக்கும் ஓர் எல்லை உண்டு. அபாயம் குறையும்போது அதுவும் குறைய வேண்டும். கஃபாவிலேயே இதைக் கண்டோம். 2019-ல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் நிறைவேற்றிய ஹஜ், 2020-ல் அந்நாட்டில் வசித்தவர்களில் சுமார் ஆயிரம் பேருக்கே வாய்த்தது. 2021-ல் 60,000 பேர், 2022-ல் 10 லட்சம் பேர் என அனுமதி உயர்ந்தது. 2023-ல் எண்ணிக்கைத் தடை நீங்கியது. ஹரம் ஷரீபில் 2021 அக்டோபர் 17 அன்று தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்புகள் நின்றன. நோய் மீண்டும் கூடவே டிசம்பர் 30 அன்று இடைவெளி திரும்பியது. 2022 மார்ச்சில் மறுபடி நீங்கியது. அபாயம் நீங்கிய பின்னும் அச்சத்தால் ஜமாஅத்தை விட்டு ஒதுங்கிப் பழகிவிட்டவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அனுமதியைக் காலமெல்லாம் வழக்கமாக்கிக்கொள்வதும் அளவு மீறலே.

துஆவுக்காகக் கூடுவதாயினும் அளவறிந்து கூட வேண்டும் என்பதற்கு இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் சான்று தருகிறார்கள். கொள்ளைநோயில் தம் பெண் மக்களையே பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஹிஜ்ரி 833-ல் கெய்ரோவில் நோய் தொடங்கியபோது ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கும் குறைவாகவே இறந்தனர்; மக்கள் நோன்பு வைத்துப் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்து திரும்பினர்; அம்மாதம் முடியுமுன் சாவு நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது என்று எழுதி வைத்துள்ளார்கள். அவர்கள் துஆவைக் குறை கூறவில்லை. கூட்டத்தின் விளைவை மறைக்கவுமில்லை.

யார் சொல்ல வேண்டிய சொல்?

மண்டலத்தின் நிறம் ஒரு மாவட்டத்தின் சராசரி நிலையைச் சொல்லும். நமக்கு அருகே அமர்ந்திருப்பவர் எழுபது வயதுக்காரர் என்பதை அது சொல்லாது. நமக்கு இருமல் இருப்பதையும் சொல்லாது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே மூச்சின் வழியே பிறருக்குப் பரவக்கூடிய நோய் இது. அடைத்த இடத்தில் அருகிருந்து பேசும்போது ஆபத்து கூடும். முதியவரையே அது கடுமையாகத் தாக்கும். சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றுகொண்டே ஒருவருக்குத் தீங்கு செய்துவிட முடியும். நானோ அந்த எல்லைக்குள்ளும் நிற்கவில்லை. கருவிக்குத் தப்பினேன், அவ்வளவே.

குணமடைந்த பின் பெரியத்தாவின் மகனைச் சந்தித்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அத்தாவுக்கு அல்லாஹ் எழுதின ஆயுசு அவ்வளவுதாண்ணே. நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க” என்றார்.

அன்றிரவு அதே சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முயன்றேன். நா எழவில்லை. ஏன்? சொல் ஒன்றுதான், அது உண்மையும்கூட. தகப்பனை இழந்தவர் சொன்னபோது அது ஸப்ராயிற்று. நான் சொன்னால் சாக்காகிவிடும். விதி என்பது துன்பமடைந்தவர் பொறுமைகொள்ள அருளப்பட்ட ஆறுதல். தீங்குக்குக் காரணமானவன் ஒளிந்துகொள்ளும் மறைவிடமன்று. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் குர்ஆன் ஈட்டுத்தொகையும் பரிகாரமும் விதித்திருக்கிறதே! இறந்தவரின் ஆயுள் முடிந்ததும் விதிப்படிதான் என்று அங்கே எவரையும் விட்டுவிடவில்லை. என் நிலை அந்தச் சட்டத்தில் அடங்கும் என்று நான் கூறவில்லை. அது உலமாக்கள் தீர்க்க வேண்டியது. கருதாமல் செய்ததற்கும் பொறுப்புண்டு என்பதையே அதிலிருந்து கற்கிறேன்.

ஆகவே சகோதரர்களே, நமக்கு வந்த துன்பத்தைப் பற்றிப் பேசும்போது விதியைச் சொல்வோம். நம்மால் பிறருக்கு வரக்கூடிய துன்பத்தைப் பற்றி எண்ணும்போது பொறுப்பைச் சொல்வோம். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் ஈமானின் பெயரால் அநீதி செய்தவர்களாவோம். இப்போதெல்லாம் இருமலோடு விடியும் நாளில் நான் வீட்டிலேயே தொழுகிறேன். என் மனைவி சொல்ல வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் பெரியத்தாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் நாவாலும் கையாலும் மூச்சாலும் பிறர் துன்புறாமல் வாழ நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.