பயில்வானும் கோபமும்

நம் மஹல்லாவைச் சேர்ந்த இருபது வயது வாலிபன் ஒருவன், சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், கடைத்தெருவிலே பக்கத்துக் கடைப் பிள்ளையின் முகத்தில் ஒரே ஒரு குத்து விட்டான். தாடை எலும்பு முறிந்துவிட்டது. வண்டி நிறுத்துவதில் வந்த வாய்ச்சண்டை. அந்தப் பிள்ளை ஆத்திரத்தில் இவனுடைய தகப்பனாரைப் பற்றித் தகாத வார்த்தை ஒன்றைச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். இவனோ வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறிச் சென்னைக்குப் போய், எம்.எம்.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்களே, அந்தச் சண்டையைப் பழகி வருகிறவன். குத்து, உதை, குஸ்தி, கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கம்பிக் கூண்டுக்குள்ளே இருவர் மோதிக்கொள்ளும் பந்தயம் அது. பழகிய கைக்கும் பழகாத தாடைக்கும் நடந்த சண்டையில் முடிவு வேறெப்படி இருக்கும்!

அன்று இஷாவுக்குப் பிறகு தகப்பனார் அவனை நம்மிடம் அழைத்து வந்தார். "ஏனப்பா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம். தலையைக் குனிந்தபடியே அவன் சொன்னான்: "அப்பாவைப் பத்திப் பேசினான், ஹஜ்ரத். கபீப் பாய் அவங்க அத்தாவைப் பேசினதுக்கு என்ன செஞ்சாரு? நீங்கதானே மக்தப்ல எங்களுக்குச் சொன்னீங்க?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. காரணத்தைச் சொல்லுகிறோம்.

கபீப் நூர்முஹம்மதோவ் என்னும் பெயரை வீட்டிலுள்ள பெண்மணிகளும் பெரியவர்களும் கேள்விப்படாதிருக்கலாம். பிள்ளைகளைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். ரஷ்யாவில் காகேசிய மலைகளின் ஓரம் தாகிஸ்தான் என்னும் முஸ்லிம் நாடு உள்ளது. அங்கே சில்தி என்ற மலைக்கிராமத்தில் 1988-ம் ஆண்டு பிறந்தவர். ஏறத்தாழ நம் வயதினர். தந்தை அப்துல் மனாப் அவர்களே உஸ்தாத்; வீட்டின் கீழ்த்தளத்தையே பயிற்சிக்கூடமாக்கி, ஊர்ப் பிள்ளைகளோடு தம் மகனையும் குஸ்தி பழக்கினார். மகன் அமெரிக்கா சென்று 2018-ல் தம் எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். வென்றால் விரலை உயர்த்தி அல்ஹம்துலில்லாஹ் என்பார், ஸஜ்தாவில் விழுவார். மது தொடுவதில்லை. ஏழைப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அவர்களுக்கு மட்டுமா? நமக்கும்தான்.

அதே 2018 அக்டோபர் 6-ம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் அயர்லாந்துக்காரரான கானர் மெக்ரிகர் என்பவரோடு அவர் மோதினார். பந்தயத்துக்கு முன்பே அந்த மனிதர் கபீபுடைய மார்க்கத்தையும், நாட்டையும், தகப்பனாரையும் வாய்க்கு வந்தபடி இழித்துப் பேசியிருந்தார். நாலாவது சுற்றில் கபீப் அவரைக் கழுத்தைப் பிடித்து இறுக்கிப் பணிய வைத்தார். பந்தயம் முடிந்தது. ஆனால் கபீப் அத்தோடு நிற்கவில்லை. கூண்டு வேலியை ஏறித் தாண்டி, கூட்டத்தில் இருந்த எதிராளியின் தோழர் ஒருவர் மீது பாய்ந்தார். அரங்கமே அமளியாயிற்று. நாம் இதையெல்லாம் மறுநாள் பார்த்தோம், பார்த்து மகிழ்ந்தோம். மக்தபில் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வேலி தாண்டியதையும் சொன்னோம், சிரித்துக்கொண்டே சொன்னோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்தான் இப்போது நம் எதிரே நின்றான்.

மறுநாள் அவனுடைய தகப்பனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடிபட்ட பிள்ளையின் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குழாய் வைத்துக் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறான். அவனுடைய தந்தை மலையடிவாரத்தில் பூ வியாபாரம் செய்பவர். கோபமாகக்கூட அவர் பேசவில்லை. "என் பையன் பேசினது தப்புதாங்க பாய். ஆனா உங்க பையனுக்குப் பலம் இருக்கு, என் பையனுக்கு இல்லே. அதானே சங்கதி?" என்றார். நாம் ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லும் நம்மிடம் இல்லாமல் திரும்பி வந்தோம்.

திரும்பி வந்து நம் நாட்டுப் பயில்வான் ஒருவரைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தோம். நம் பாட்டனார் காலத்தில், பலசாலி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் "இவன் பெரிய காமா" என்பார்களாம். காமா பயில்வான், இயற்பெயர் குலாம் முஹம்மது பக்ஷ். 1878-ல் அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீர வழி வந்த குஸ்திக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சிறு வயதிலேயே மௌத்தாகிவிட, பாட்டனாரும் மாமனும் வளர்த்தார்கள். 1888-ல் ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் போட்டியில், நானூறுக்கு மேற்பட்ட பயில்வான்களுக்கு நடுவே பத்து வயதுப் பாலகனாக நின்று, கடைசி வரை தாக்குப் பிடித்த சிலரில் ஒருவராகி, மகாராஜாவின் கையால் பரிசு பெற்றார். தத்தியா, பட்டியாலா முதலிய இந்து, சீக்கிய மன்னர்கள் அவரை ஆதரித்தார்கள். நாளொன்றுக்கு 5000 பஸ்கி, 3000 தண்டால் எடுப்பார் என்பார்கள். யார் எண்ணினார்களோ! பாதி உண்மையென்றாலும் பெரிய சங்கதிதான்.

1910-ல் தம்பி இமாம் பக்ஷுடன் லண்டனுக்குப் போனார். ஆள் குள்ளம் என்று சொல்லி அங்கே பந்தயத்தில் சேர்க்க மறுத்தார்கள். எவரானாலும் வரட்டும் என்று அவர் பகிரங்கமாக அறைகூவல் விட்ட பிறகே வழி பிறந்தது. ரோலர் என்ற அமெரிக்க டாக்டரை வீழ்த்தினார். செப்டம்பர் 10-ம் தேதி போலந்து நாட்டு ஸிபிஸ்கோவுடன் மோதல். அந்த மனிதர் காமாவின் பலத்தைக் கண்டு, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் அப்படியே! வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மறு வாரம் 17-ம் தேதி மீண்டும் மோத வேண்டும் என்று தீர்மானித்தார்கள், ஸிபிஸ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்கே கொடுக்கப்பட்டது. ஆயினும் எதிராளியின் முதுகு மண்ணில் படாமல் பெற்ற பட்டமல்லவா? 1928-ல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். காமாவுக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. ஒரு நிமிஷத்துக்குள் ஸிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார். நடுவே கழிந்த 17 ஆண்டுகளில் இந்த மனிதர் கோதாவுக்கு வெளியே எவர் மீதும் கை வைத்தார் என்று நாம் எங்கும் படித்ததில்லை.

ஆனால் நாம் எழுத வந்தது பட்டியாலாவைப் பற்றியல்ல, லாகூரைப் பற்றி. 1947-ல் தேசம் இரண்டாகி, பஞ்சாப் முழுவதும் பற்றியெரிந்தபோது காமா அங்கே மோஹினி ரோடில் குடியிருந்தார். அத்தெருவில் இந்துக்களும் வசித்தார்கள். அவர்களைத் தாக்க வந்த கும்பலின் எதிரே அவர் தம் ஆட்களோடு போய் நின்று தடுத்தார் என்றும், பின்னர் அவர்கள் எல்லைக்குப் போய்ச் சேரும் வரை வழித்துணையும் செலவுக்குப் பணமும் கொடுத்தனுப்பினார் என்றும் அவருடைய குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 69. கும்பலில் வந்த வாலிபர்கள் கூடி நின்றால் அந்த முதியவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்க முடியாதா? முடிந்திருக்கும். போகவில்லை. பிறகு நோயும் வறுமையுமாகக் கடைசிக் காலத்தைக் கழித்து, 1960 மே 23-ம் தேதி லாகூரில் காலமானார். நம் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த அதே வருடம் அது.

இனி, அவ்வாலிபன் கேட்ட கேள்விக்கு வருவோம். மார்க்கம் பலத்தை வெறுக்கவில்லை. பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர், ஆயினும் இருவரிடத்திலும் நன்மையுண்டு என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களே குறைஷிகளில் பெரும் பலசாலியான ருகானாவுடன் குஸ்தி செய்து வீழ்த்தியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. அதன் அறிவிப்புத் தொடர் உறுதியானதல்ல என்று இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே குறிப்பிட்டிருப்பதையும் மறைக்கலாகாது. ஓர் அறிவிப்பில், ருகானா பந்தயமாக வைத்துத் தோற்ற ஆடுகளை நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் உள்ளது. வீழ்த்திய பிறகு நடந்தது இது!

முகத்தில் அடிப்பதோ வேறு சங்கதி. சண்டை என்றே வந்துவிட்டாலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபிமொழி இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். 1987-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுச் சபை, குத்துச்சண்டையையும், ஒருவரையொருவர் ஊனப்படுத்த இடந்தரும் குஸ்தியையும் ஹராம் என்றே தீர்மானித்தது. உடற்பயிற்சிக்காகச் செய்யும் தீங்கற்ற குஸ்தியை அது தடுக்கவில்லை. கபீப் மிகுதியும் பிடியாலேயே வென்றவர் என்றாலும், அந்தப் பந்தயத்தில் முகத்தில் குத்துவது சட்டப்படியான செயல், அவரும் குத்தியிருக்கிறார். ஸஜ்தா செய்வதால் அது கூடுமானதாக ஆகிவிடாது. அதற்காக, அவருடைய சம்பாத்தியத்தையும் ஈமானையும் எடைபோட்டுப் பார்க்கும் வேலையை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைக்கவுமில்லை.

இவ்வளவும் கிதாபைப் புரட்டினால் கிடைத்துவிடும். நம்மை உறுத்தியது கோபம். ஆட்களைத் தள்ளி வீழ்த்துவதில் பலம் இல்லை, கோபம் வரும்போது தன்னை அடக்குவதிலேயே பலம் என்ற கருத்துள்ள ஹதீஸை எத்தனை ஜும்ஆக்களில் ஓதியிருப்போம்! அதைப் பலமில்லாதவனுக்குச் சொல்லும் ஆறுதல் போலவே இத்தனை நாளும் நாம் ஓதி வந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அது பலமுள்ளவனுக்குச் சொன்னது. பூ வியாபாரியின் மகனுக்குக் கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு போகும். இவனுக்கு வந்தால் எலும்பு முறியும்.

நம் ஊர்ப் பெயருக்கு இங்குள்ள இந்து சகோதரர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். போரில் வென்று வந்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலையாதலால் தணிகை ஆயிற்றாம். அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு. ஆயினும், வென்று முடித்த பிறகும் கோபம் மிச்சமிருக்கும் என்பதை இந்தப் பெயரை வைத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். எதிராளி தோற்றுக் கீழே கிடக்கும்போதே கபீப் வேலியை ஏறினாரே, அந்த மிச்சம்தான் அது.

நின்றிருப்பவனுக்குக் கோபம் வந்தால் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். ஒளூச் செய்யுமாறும் அபூதாவூதில் வருகிறது. கடைத்தெருவில் ஒருவன் தகப்பனை ஏசும்போது உட்கார முடியுமா என்று அவ்வாலிபன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு நாளில் வராது. ஒரு பிடியைக் கற்க அவனுடைய உஸ்தாத் எத்தனை ஆயிரம் முறை செய்ய வைத்திருப்பார்? வீட்டில் தம்பியிடம், தாயிடம், சோற்றில் உப்பு இல்லாத நாளில் உட்கார்ந்து பழகியவனுக்கே கடைத்தெருவில் கால் மடங்கும். அவனுடைய கை பழகியிருந்தது, கால் பழகவில்லை. அதைப் பழக்க வேண்டிய உஸ்தாத் நாமாக இருந்தோம்.

பிறகு, ஆறேழு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அவனிடம் சொன்னோம். அன்றிரவே கபீப் அதிகாரிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது தம்முடைய நல்ல குணமல்ல என்று ஒப்புக்கொண்டார். ஐந்து லட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் விதித்தார்கள். யாரைப் பேசியதற்காக அவர் பாய்ந்தாரோ அந்தத் தந்தை அப்துல் மனாப், மகன் செய்ததை மெச்சவில்லை. அவர்கள் தருவதைவிடக் கடுமையான தண்டனை தம்மிடம் இருக்கிறது என்றே சொன்னார். 2020 ஜூலையில் அத்தந்தை கொரோனாவுக்குப் பின் வந்த கோளாறுகளால் மௌத்தானார். அதே அக்டோபரில் அபூதாபியில் வென்ற கபீப், கையுறைகளைக் கழற்றிக் கோதாவின் நடுவே வைத்துவிட்டு, தந்தை இல்லாமல் இனிப் போட்டியிடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி விலகினார். 29 பந்தயம், ஒன்றிலும் தோல்வியில்லை. கோடிக்கணக்கில் பணம் கொடுத்துத் திரும்ப அழைக்க ஆளிருந்தும் அவர் மறுபடி இறங்கவில்லை. "இதை நீங்க சொல்லவே இல்லையே, ஹஜ்ரத்" என்றான் பையன். இல்லை, சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைத் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுவதாக அவனே ஏற்றுக்கொண்டிருக்கிறான். குஸ்தி மட்டும் பழகலாமா என்று கேட்டான். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்து, தொழுகை தவறாமல், முகத்தில் கை வைக்காமல், பணயம் கட்டாமல் பழகுவதானால் பழகு என்றோம். சென்ற வாரம் அவனை அழைத்துக்கொண்டு பூ வியாபாரியின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார். "மன்னிக்கிறதா இல்லையான்னு நான் எப்படி பாய் சொல்றது? அவன்தானே சொல்லணும். முதல்ல அவனுக்கு வாய் திறக்கட்டும்" என்றார். கம்பியை எடுக்க இன்னும் பத்து நாள் ஆகுமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.