துயரின் நடுவே தொண்டு

பெற்றோருக்குப் பிள்ளை நீர்க்கடன் செய்வதே உலகம் அறிந்த முறை. அந்த வரிசை தலைகீழாகிவிடும் வீடுகளும் உண்டு. மகனோ மகளோ முந்திப் போய்விட, ஐம்பது வயதை எட்டிய தாயும் தந்தையும் எஞ்சி நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே, எண்பது வயதைத் தொட்ட பெரியவர்கள் கட்டிலில் இருக்கிறார்கள். இளைய தலைமுறை மறைந்துவிட்டது. முதிய தலைமுறை தளர்ந்துவிட்டது. இரண்டுக்கும் இடையே நிற்பவர்களுக்கு அழ நேரமில்லை, அழாமலிருக்கவும் இயலவில்லை. இத்தகையோருக்குத் தர்மம் என்ன கூறுகிறது? புத்திர சோகத்தில் ஆழ்ந்திருப்பவருக்கும் கடமை உண்டா? உண்டெனில், அந்தக் கடமை அவரைக் காக்கிறதா, வதைக்கிறதா?

தேவ்நாரில் ஒரு வீடு

மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூரையும் கோவண்டியையும் அடுத்து அமைந்துள்ளது தேவ்நார். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இங்கு இயங்கி வருகிறது. 1956இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இங்கேதான் உள்ளது. நாட்டில் முதுமையடைவோரின் நிலையை அறிய, 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவருமாக 72,000க்கும் மேற்பட்டோரை 2017-18இல் சந்தித்து விவரம் திரட்டியது இந்த இரண்டாவது நிறுவனம். அந்த ஆய்வில் பங்கேற்ற முதியோரில் ஒரு பகுதியினரை மேலும் பரிசோதித்து, 2023இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என்பது அதன் முடிவு.

எண்ணிக்கையாகப் பார்க்கும்போது இது ஒரு செய்தி. ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் பாரம் விளங்கும். தேவ்நாரில் இத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இரண்டே அறைகள். விடியலில் குழாயில் தண்ணீர் வரும்போது நாள் தொடங்கிவிடுகிறது. மாமனாருக்குச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். மாமியாருக்கு மறதி நோய். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் மறைந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. அவன் படித்த மேசையின் மீது இப்போது தாத்தா பாட்டியின் மருந்துகள் இருக்கின்றன. மாலை விளக்கேற்றும் நேரத்தில் பாட்டி நாள் தவறாமல் கேட்கிறாள்: “பிள்ளை இன்னும் வரலையா?”

இந்தக் கேள்விக்கு மருமகள் என்ன விடை சொல்வாள்? அவளுடைய துயரமும் கடமையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுதான்.

யாருக்குச் சொல்லப்பட்ட உபதேசம்?

இத்தகைய வீட்டுக்கு ஆறுதல் கூறச் செல்வோர் சிலர், ஞானிகள் துயருறுவதில்லை என்ற கீதையின் கருத்தை எடுத்துரைப்பதுண்டு. நல்லெண்ணத்தோடுதான் கூறுகிறார்கள். ஆயினும் அந்த உபதேசம் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் கூறப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சோகமும் மோகமும் சம்சாரத்தின் வித்து என்று கூறும் ஆதிசங்கரர், அவை அர்ஜுனனிடம் விளைவித்தது என்ன என்பதையும் தமது உரையில் தெளிவுபடுத்துகிறார். அவனுடைய விவேகம் மறைந்தது. தனக்குரிய தர்மத்தைக் கைவிட்டு, பிச்சையேற்று வாழ்வதாகிய பிறருடைய தர்மத்தை நாடினான். ஆகவே அங்கே கண்டிக்கப்படுவது, ஸ்வதர்மத்தைக் கைவிடச் செய்யும் சோகம்.

அதே அர்ஜுனன், கீதையைக் கேட்ட பிறகு, போரின் பதின்மூன்றாம் நாள் மாலையில் அபிமன்யுவை இழந்தான். அப்போது அவன் கதறி அழுதான். ஆத்மா அழியாதது என்று கேட்ட செவிகள்தாமே அவை! ஆயினும் ஸ்ரீகிருஷ்ணர், ‘இவ்வளவு உபதேசித்தும் அழுகிறாயே’ என்று அவனைக் கடிந்துகொள்ளவில்லை. புறங்காட்டாத வீரர்கள் அடையும் கதியைக் கூறித் தேற்றினார். உன் துயரத்தைக் கண்டு உன் சகோதரர்களும் நண்பர்களும் கலங்கி நிற்கிறார்கள், அவர்களுக்கு ஆறுதல் கூறு என்றும் பணித்தார். பின்னர்த் தம் தங்கை சுபத்திரையிடம் சென்று அவளைத் தேற்றினார்.

மகனை இழந்த தந்தையிடமே, பிறரைத் தேற்றுமாறு பகவான் கூறுகிறார். அழுகையை நிறுத்திவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. துயரம் தீர்ந்த பிறகுதான் கடமை என்று காத்திருந்தால், அந்த நாள் வருவதேயில்லை. துயரத்தைச் சுமந்தபடியே பிறர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

அஸ்தினாபுரத்து அரண்மனை

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வம் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. போர் முடிந்த பின் பதினைந்து ஆண்டுகள் திருதராஷ்டிரனும் காந்தாரியும் பாண்டவர்களுடன் வாழ்ந்தனர். அந்த அரண்மனையில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு மைந்தரை இழந்த காந்தாரி; கர்ணனை மகனென்று வெளியே சொல்லவும் இயலாமல் இழந்த குந்தி; ஒரே இரவில் ஐந்து மைந்தரையும் பறிகொடுத்த திரௌபதி; அபிமன்யுவை இழந்த சுபத்திரை. ஒருவர் இழப்புக்கு மற்றவரின் குலமே காரணம். எனினும் மைந்தரை இழந்த அம்முதியவர் மனம் நோகலாகாது என்று யுதிஷ்டிரர் தம்பியருக்கு ஆணையிட்டார். குந்தி காந்தாரிக்குப் பணிவிடை செய்தாள். திரௌபதியும் சுபத்திரையும் அவ்விருவருக்கும் வேறுபாடின்றித் தொண்டு செய்தனர்.

வியாசர் இந்தப் பதினைந்து ஆண்டுகளை மாசற்ற காலமாகக் காட்டவில்லை. பீமனின் மனம் ஆறவில்லை. பிறர் அறியாமல் முதியவரை அவன் சொல்லால் சுட்டான். தொண்டு செய்யும் வீட்டிலும் கசப்பு இருக்கும் என்பதை இதிகாசம் மறைக்கவில்லை. இரவில் மூன்றாம் முறை எழுப்பப்படும்போது எரிச்சல் கொள்ளும் மகனும் மருமகளும் தங்களைப் பாவிகளென்று எண்ண வேண்டியதில்லை. மறுநாள் காலை மீண்டும் அன்போடு தொடங்கினால் போதும்.

வனம் புகுமுன் திருதராஷ்டிரன், இறந்துபோன தன் மைந்தருக்கும் மற்றோருக்கும் சிராத்தம் செய்யப் பொருள் கேட்டான். பீமன் மறுத்தான்; யுதிஷ்டிரரும் அர்ஜுனனும் வழங்கினர். உணவும் மருந்தும் மட்டுமே முதியோரின் தேவை என்று எண்ணுவது தவறு. அவர்களும் துக்கப்படுகிறவர்கள். பேரனை இழந்த தாத்தா தன் துயரத்தை, மகன் கலங்குவானே என்று அஞ்சி விழுங்கிக்கொள்கிறார். மகனோ, தந்தை தாங்கமாட்டாரே என்று தன் துயரத்தை மறைக்கிறான். ஒரே துயரம் இரண்டு அறைகளில் தனித்தனியே கிடக்கிறது. அவரருகே அமர்ந்து, சேர்ந்து அழ இடம் கொடுப்பதும் பணிவிடையே.

பாட்டியின் கேள்வி

இனி, மாலையில் எழும் அக்கேள்விக்கு வருவோம். ‘அவன் இறந்துவிட்டான்’ என்று ஒவ்வொரு நாளும் சொன்னால், பாட்டி ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகக் கேட்கிறாள். ‘வந்துவிடுவான்’ என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய்யை ஒரு தாய் தன் வாயால் சொல்வது எத்தகைய கொடுமை! சத்தியமும் அகிம்சையும் இங்கே எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றுகின்றன.

பிறருக்குத் தீமை விளைவிக்காத சொல்லையே வாய்மை என்று வரையறுத்தார் திருவள்ளுவர். செய்தியைத் தாங்கும் நினைவு இருந்தபோது, மறைக்காமல் சொல்லியாயிற்று, அதுவே சத்தியம். நினைவு அதை ஏந்த மறுக்கும்போது, கேள்வியின் சொற்களைக் கடந்து அதன் உள்ளே இருப்பதற்கு விடை தரலாம். அங்கே இருப்பது பேரன்மேல் கொண்ட பாசம். “அவன் ஞாபகம் வந்துவிட்டதா, அம்மா?” என்று கேட்டு, அருகில் அமர்ந்து, அவன் படத்தைக் காட்டி, அவன் விரும்பிச் சாப்பிட்டதைப் பற்றிப் பேசலாம். இதில் பொய்யில்லை, காயமும் இல்லை. மேலும் ஒன்று உண்டு. உறவினரும் அண்டை வீட்டாரும், மனம் நோகுமே என்று அஞ்சி, அவனைப் பற்றிய பேச்சையே தவிர்க்கிறார்கள். அந்த வீட்டில் அவனை நாள்தோறும் வாய்விட்டு விசாரிப்பவள் நினைவிழந்த அந்தப் பாட்டி ஒருத்திதான்.

எதிர்பார்ப்பு உதிர்ந்த கர்மம்

பெற்றோரைப் பேணுவோர் மனத்தில் ஓர் எண்ணம் ஓசையின்றி இருக்கும்: ‘நான் செய்வதை என் பிள்ளை பார்க்கிறான், நாளை எனக்கும் செய்வான்.’ பிள்ளை மறைந்தபோது அந்த எண்ணமும் மறைந்துவிடுகிறது. ‘எங்களை யார் பார்ப்பார்கள்?’ என்ற அச்சம் அங்கே வந்து அமர்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளையற்ற முதியவரைப் பேணும் பொறுப்பை அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினர்மீது சுமத்துகிறது. சொத்து இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை.

இந்நிலையிலும் காலையில் எழுந்து இன்சுலின் ஊசி போடும் கைகளைப் பார்க்க வேண்டும். அந்தச் செயலுக்குக் கைம்மாறு செய்ய இனி எவரும் இல்லை. பலனை நாடாத கர்மம் என்று சாஸ்திரம் கூறுவதை அவர்கள் சாதனையாகத் தேடவில்லை. விதி அதை அவர்கள் மடியில் வைத்துவிட்டது. அதை மனமுவந்து செய்யும்போது, மகனுக்குத் தர முடியாமற்போன அன்பு வற்றிவிடாமல் வழி கண்டுகொள்கிறது.

இதைப் போற்றுவதோடு மற்றவர்களின் கடமை முடிந்துவிடாது. யாருக்கும் தனித்துச் சுமக்க முடியாத பாரம் இது. சத்சங்க அன்பர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை முதியோருடன் இருந்தால், கணவனும் மனைவியும் செட்டா நகர் முருகன் கோயிலுக்குச் சேர்ந்து சென்று வரலாம். அல்லது வெறுமனே உறங்கலாம். சகோதர சகோதரிகள் செலவையும் இரவுகளையும் பகிர்ந்துகொள்ளலாம். மாதங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் திரும்பவில்லையெனில் மருத்துவரை நாடுவதில் இழிவு எதுவுமில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துப் பல இந்திய மொழிகளில் பேசலாம்.

துயரம் அன்பின் பங்கு. தொண்டு தர்மத்தின் பங்கு. ஒன்றுக்காக மற்றொன்றைத் துறக்கும்படி பகவான் கேட்கவில்லை. கண்ணீரைத் துடைத்த கையாலேயே மருந்தை எடுத்துக் கொடுக்கும் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் உபதேசம் தேவையில்லை; உடன் நிற்பவர் ஒருவர் தேவை. அவ்வாறு நிற்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!